கிறிஸ்மஸுக்கு முன்னால் இயேசு எங்கே இருந்தார்?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எங்கள் சபையில் 14 வருடமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன கிறிஸ்மஸுக்குக் குடில் ஜோடித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் குழந்தை இயேசு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், பொறக்கறதுக்கு முன்னாடி இயேசப்பா எங்க இருந்தாங்க?" என்று கேட்டான். பரலோகத்தில் என்றேன். "அப்போ அங்க அவங்களுக்கு பர்த்டே கிடையாதா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதே வாரம் என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தேவன் முதன்முதலில் படைத்தவர்தான் இயேசு, கொலோசெயர் 1:15-லேயே "முந்தின பேறு" என்று இருக்கிறது, அவர் நித்தியமானவர் என்பதெல்லாம் 325-ல் கான்ஸ்டன்டைன் ராஜா கூட்டம் போட்டு ஓட்டெடுத்து முடிவு செய்தது என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு ஒட்டவில்லை. ஆரம்பம் உள்ள ஒருவரையா இத்தனை வருஷம் தொழுதேன் என்று பயமாக இருக்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்பான சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. ஒரு வசனம் உங்களைக் கலக்கியதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷம் விசுவாசப் பிரமாணத்தில் மனப்பாடமாகச் சொல்லி வந்ததை இப்போதுதான் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள். நான் பல வருடம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவன். ஊழியத்துக்கென்று படிக்க வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே கொலோசெயர் 1:15-ல் வந்து தயங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன், என் வாலிப வயதில் நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

இப்போது ஒரு விஷயத்தைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், இதைப் பிரிக்காததால்தான் பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவரும் இயேசு பெத்லகேமுக்கு முன்பே இருந்தார் என்று நம்புகிறவர்தான். தேவன் படைத்தவர்களில் முதல்வர், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பரலோகத்தில் இருந்தவர் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. ஆகவே "பிறப்பதற்கு முன்பே இருந்தார்" என்று எவ்வளவு வசனம் காட்டினாலும் அவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார், நீங்களும் ஜெயித்துவிட்டதாக நினைப்பீர்கள், ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இல்லை. முன்பே இருந்தார் என்பது ஒன்று, ஆரம்பமே இல்லாமல் இருந்தார் என்பது வேறு. ஆயிரம் கோடி வருஷம் முன்பே இருந்திருந்தாலும், அதற்கு முந்தின நாள் இல்லாதிருந்தவர் என்றால் அவர் சிருஷ்டிதான். சபை பிடித்து நின்றது இரண்டாவது வார்த்தையை.

இந்தக் கேள்வியை முதலில் பெரிதாகக் கிளப்பியவரும் சபைக்கு வெளியிலிருந்து வந்தவர் இல்லை. எகிப்தில் அலெக்சந்திரியா பட்டணத்தில் ஆரியஸ் என்று ஒரு குருவானவர் இருந்தார், படித்தவர், ஒழுக்கமான வாழ்க்கை, கேட்க இனிமையாகப் பேசுவார். 318 வாக்கில் அவருக்கும் அவருடைய ஆயர் அலெக்சாந்தருக்கும் தகராறு வந்தது. பெற்றவர் முந்தி, பிறந்தவர் பிந்தி, எனவே குமாரன் "இல்லாதிருந்த ஒரு அப்போது உண்டு" என்பது ஆரியஸின் வாதம். "காலம்" என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தார், ஏனென்றால் காலமே குமாரன் மூலமாக உண்டானது என்று அவரும் ஒத்துக்கொண்டார். அவ்வளவு நுணுக்கமாகப் பேசினவர். தன் கருத்தை மாலுமிகளும் மாவு அரைக்கிறவர்களும் பாடும்படி பாட்டாகவே கட்டிவிட்டார் என்று பழைய சபைச் சரித்திரம் சொல்கிறது.

சரி, வேதத்துக்கு வருவோம். உங்கள் வேதாகமத்தில் யோவான் முதல் அதிகாரத்தை எடுத்து, இரண்டு நிறப் பென்சில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் முதல் வாரமே பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் வேலை இது. "இருந்தது, இருந்தார்" என்று வருகிற இடமெல்லாம் சிவப்பு. "உண்டாயிற்று" என்று வருகிற இடமெல்லாம் நீலம். "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது": மூன்று சிவப்பு. மூன்றாம் வசனம், "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று, உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை": வசனம் முழுக்க நீலம். பத்தாம் வசனத்தில் இரண்டும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அவர் உலகத்தில் இருந்தார், உலகம் அவர் மூலமாய் உண்டாயிற்று. தற்செயலாக அப்படி அமையவில்லை. கிரேக்கத்திலும் இவை இரண்டும் வேறு வேறு வினைகள், யோவான் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். நம் தமிழ் வேதாகமம் பெரும்பாலும் அதை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் தவறிவிட்டது: ஆறாம் வசனத்தில் "ஒரு மனுஷன் இருந்தான், அவன் பேர் யோவான்" என்று தமிழில் இருக்கிறது, ஆனால் கிரேக்கத்தில் அங்கே வருவது நீல வினை, யோவான்ஸ்நானகன் தோன்றினான் என்பதுதான் அர்த்தம். அதை நீங்களே நீலத்தில் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். உலகம் நீலம், யோவான்ஸ்நானகன் வந்ததும் நீலம். வார்த்தையானவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 13 வசனம் வரைக்கும் ஒரு இடத்தில்கூட நீலம் இல்லை. பதினான்காம் வசனத்தில்தான், "அந்த வார்த்தை மாம்சமாகி" என்கிற இடத்தில், முதல்தடவையாக அந்த நீல வினை அவர்மேல் வந்து விழுகிறது. இல்லாமல் இருந்து உண்டானவர் என்பதற்காக அல்ல, என்றைக்கும் இருந்தவர் தாம் அதுவரை ஆகாத ஒன்றாக, மாம்சமாக, ஆனார் என்பதற்காக. அந்த வசனத்துக்கு வரும்போது இன்னமும் எனக்குக் குரல் தழுதழுத்துவிடுகிறது.

உண்டானவைகள் எல்லாம் அவர் மூலமாய் உண்டாயின என்றால் அவரும் உண்டானவர்களில் ஒருவராக இருக்க முடியாது, தம்மைத் தாமே எப்படி உண்டாக்குவார்? "உண்டானதொன்றும்" என்று யோவான் திரும்பச் சொன்னது, ஒருவருக்கும் விதிவிலக்கு கொடுக்கக் கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே இரண்டு வினைகளை எட்டாம் அதிகாரத்தில் ஆண்டவரே எடுக்கிறார். "உனக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லையே, நீ ஆபிரகாமைக் கண்டாயோ" என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன பதில், "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்." உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் காலம் தப்பு என்று சுழித்துவிடுவோம், "முன்னமே" என்றால் "இருந்தேன்" என்றுதானே வர வேண்டும். ஆண்டவர் இருந்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால், ஆபிரகாமுக்கு மூத்த ஒருவர் என்று அர்த்தமாகியிருக்கும், உங்கள் விருந்தாளிக்கும் அது போதும். இருக்கிறேன் என்றார். எரிகிற முட்செடியில் மோசே கேட்ட பெயரே அதுதான், "இருக்கிறவராக இருக்கிறேன்." கேட்டவர்களுக்கு அது உறைத்தது, அதனால்தான் அடுத்த வசனத்திலேயே கல்லை எடுத்துவிட்டார்கள். வயதைப் பற்றி வாய் தவறிச் சொன்னவன்மேல் யாரும் கல்லெறிய மாட்டார்கள்.

இனி "முந்தின பேறு." உங்களை உலுக்கியது அதுதானே. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தலைச்சன் பிள்ளை என்றுதான் நமக்குத் தோன்றும், அதில் தப்பில்லை. ஆனால் வேதத்தில் அந்தச் சொல் பிறந்த வரிசையைவிட அதிகமாக உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 89ஆம் சங்கீதம் 27ஆம் வசனத்தை எடுங்கள், தாவீதைப் பற்றி தேவன், "நான் அவனை எனக்கு முதற்பேறானவனும், பூமியின் ராஜாக்களைப்பார்க்கிலும் மகா உயர்ந்தவனுமாக்குவேன்" என்கிறார். தாவீது யார்? ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. சாமுவேல் தேடி வந்த அன்று வீட்டில் கூப்பிடக்கூட மறந்து ஆடு மேய்க்க விட்டிருந்த பிள்ளை. அவனை முதற்பேறு ஆக்குவேன் என்றால், பிறந்த தேதியை மாற்றுவேன் என்றா அர்த்தம்? வீட்டுச் சொத்துக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் வைப்பேன் என்றுதானே.

பவுல் அந்த அர்த்தத்தில்தான் எழுதினார் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடுத்த வசனமே சொல்கிறது, அது "ஏனென்றால்" என்று ஆரம்பிக்கிறது. ஏன் அவர் முந்தின பேறு? ஏனென்றால் அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது. முதலில் படைக்கப்பட்டவர் என்பதால் என்று பவுல் சொல்லவில்லை. முதலில் படைக்கப்பட்டவர் என்பதற்குக் கிரேக்கத்தில் தனிச் சொல்லே கட்டலாம், அதை அவர் எடுக்கவில்லை. சில மொழிபெயர்ப்புகளில் இந்த இடத்தில் "மற்ற" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, மற்றவை எல்லாம் அவர் மூலமாகப் படைக்கப்பட்டன என்று போட்டிருப்பார்கள். மூலத்தில் அந்தச் சொல் இல்லை. அதைச் சேர்க்காவிட்டால் அந்தப் போதனை நிற்காது. 17ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், அவர் எல்லாவற்றிற்கும் முந்தினவர், எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது.

உங்கள் விருந்தாளி அடுத்ததாக நீதிமொழிகள் 8:22-ஐ எடுப்பார், தயாராக இருங்கள். ஆரியஸின் ஆட்கள் பெரிதாக நம்பியிருந்த வசனம் அது. அங்கே ஞானம் பேசுகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கர்த்தர் என்னைப் படைத்தார் என்று இருந்தது, அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது அதுதான், அதனால் ஆரியஸை மறுத்த நிசேயா சங்கத்தின் பக்கம், அதாவது 325-ல் கூடிய அந்த ஆயர்கள் கூட்டத்தின் பக்கம், நின்றவர்கள் பதில் சொல்ல மிகவும் பாடுபட்டார்கள். எபிரெயத்தில் உள்ள சொல்லுக்கு, பெற்றுக்கொள்வது, உடைமையாகக் கொள்வது என்பதே வழக்கமான பொருள். நம் தமிழில் "கொண்டிருந்தார்" என்றே இருக்கிறது. இன்னொன்று, அது கவிதை. அடுத்த அதிகாரத்தில் அதே ஞானம் வீடு கட்டி, விருந்து சமைத்து, வேலைக்காரிகளை அனுப்பி ஊரைக் கூப்பிடுகிறது. அந்த வீட்டுக்கு யாரும் விலாசம் கேட்பதில்லை. ஒரு கவிதை வரியை வைத்துக்கொண்டு யோவானும் பவுலும் நேராகச் சொன்னதைத் தள்ளுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

கான்ஸ்டன்டைன் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் படித்த பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் அசைந்துபோகிறார்கள். 325-ல் நிசேயாவில் சங்கம் கூடியது உண்மை, ராஜா கூட்டியதும் உண்மை. அந்த ஊர் இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக் என்ற பெயரில் ஏரிக்கரையில் இருக்கிறது. ஆனால் அங்கே எழுந்த கேள்வி இயேசுவைத் தொழலாமா என்பதல்ல, ஆரியஸின் ஆட்களும் தொழுதுகொண்டுதான் இருந்தார்கள். பிதாவின் தன்மையும் குமாரனின் தன்மையும் ஒன்றா, அவருக்கு ஆரம்பம் உண்டா என்பதுதான் கேள்வி. ஆரியஸுக்குக் கடைசி வரை கூட நின்ற ஆயர்கள் இரண்டே பேர்.

அதற்கு 200 வருஷத்துக்கு மேல் பின்னால் போங்கள். அதே பித்தினியா நாட்டுக்கு, நிசேயா எந்த நாட்டில் இருந்ததோ அதே நாட்டுக்கு, ப்ளினி என்ற ரோமத் தேசாதிபதி வந்தார். 112 வாக்கில் அவர் திராயான் பேரரசனுக்கு எழுதின கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தேன், குறித்த ஒரு நாளில் விடியுமுன்னே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாட்டுப் பாடுகிறோம் என்று சொன்னார்கள் என்று எழுதுகிறார். அவர் கிறிஸ்தவரே இல்லை, தண்டனை கொடுக்க வந்த அதிகாரி. இருட்டில் எழுந்து, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே பாடிய அந்த ஜனங்களுக்கு எந்த ராஜா ஓட்டெடுத்துச் சொல்லிக்கொடுத்தார்? அதற்கும் முன்னால் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "தேவனுடைய ரூபமாயிருந்தும்" தம்மை வெறுமையாக்கினவர் என்று எழுதுகிறார், ஆண்டவர் சிலுவையில் மரித்து சுமார் 30 வருடம்தான் ஆகியிருந்தது.

ராஜாவின் கதையும் உங்கள் விருந்தாளி சொன்ன மாதிரி முடியவில்லை. நிசேயாவுக்கு அப்புறம் ஆரியஸை நாடுகடத்தலிலிருந்து திரும்ப அழைத்தது கான்ஸ்டன்டைன்தான். நிசேயாவின் பக்கம் விடாமல் நின்ற அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியஸை முதல்தடவை நாடு கடத்தியதும் அவர்தான். மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியஸுக்கு வேண்டிய ஆயராக இருந்தவர். அடுத்து வந்த அவர் மகன் கான்ஸ்டன்டியஸ் வெளிப்படையாகவே நிசேயாவுக்கு எதிராக நின்றார். அத்தனாசியஸ் ஆயராக இருந்த 45 வருடத்தில் ஐந்து தடவை துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 வருடம் ஊரைவிட்டு வெளியிலேயே இருந்தார். ராஜாவின் கை எந்தப் பக்கம் அதிக நாள் இருந்தது என்று பார்த்தால், அது இந்த விசுவாசத்தின் பக்கம் இல்லை.

இந்த அத்தனாசியஸ் ஒரு விஷயத்தை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். ஆரியஸின் ஆட்கள் சந்தைக்குப் போய், பெண்களை நிறுத்தி, பிள்ளை பெறுவதற்கு முன்னால் உனக்குப் பிள்ளை இருந்ததா என்று கேட்பார்களாம். இல்லை என்று அந்தத் தாய் சொன்னால், அப்படித்தான் தேவனுக்கும் பிறப்பதற்கு முன் குமாரன் இல்லை என்று முடித்துவிடுவார்களாம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்தச் சந்தைப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கையில் கூடையோடு நிற்கிற ஒருத்தியிடம் அவளுடைய பிள்ளைப்பேற்றையே எடுத்து, பதில் சொல்ல முடியாதபடி நிறுத்துவது. அதற்கு அத்தனாசியஸ் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் தாயிடம் நேரத்தைக் கேட்கிறீர்களே, தன்மையைக் கேளுங்கள் என்கிறார். உன் பிள்ளை வெளியிலிருந்து வாங்கி வந்த பொருளா, உன்னிலிருந்தே வந்ததா என்று கேளுங்கள். ஒருவன் வீடு கட்டினால் அது அவனுக்கு வெளியே நிற்கிற பொருள், பிள்ளை பெற்றால் அது அவனுடைய தன்மையே. மனுஷருக்குப் பிள்ளை பிந்தி வருவது, மனுஷர் காலத்துக்குள் இருப்பதால். காலத்துக்குள் இல்லாத தேவனுக்கு அந்த முன்னே பின்னே ஏது? விசுவாசப் பிரமாணத்தில், ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல என்று நாம் அறிக்கை செய்வதன் அர்த்தம் இதுதான். 381-ல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் அதில் "எல்லா யுகங்களுக்கும் முன்னே" என்ற சொற்களையும் சேர்த்து எழுதியது.

எபிரெயர் 1:3 குமாரனை தேவனுடைய மகிமையின் பிரகாசம் என்று சொல்கிறது. வீட்டில் மின்சாரம் போன இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள். சுடர் முதலில் வந்து, வெளிச்சம் கொஞ்சம் கழித்து வருகிறதா? சுடரிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது, வெளிச்சத்திலிருந்து சுடர் வருவதில்லை. ஆனால் வெளிச்சமில்லாமல் சுடர் மட்டும் எரிந்த ஒரு நொடி கிடையாது. பழைய போதகர்கள் சூரியனை வைத்துச் சொன்ன உவமை இது. உவமைக்கு எல்லை உண்டு, மெழுகுவர்த்தியை நாம் ஏற்றினோம், பிதாவை யாரும் ஏற்றவில்லை. பிள்ளைகளிடம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆனாலும் உண்மையாகவே ஆரம்பித்த சில உண்டு, அதை மறைக்கக் கூடாது. மரியாளின் வயிற்றில் உருவான சரீரம் அதற்கு முன் இல்லை. இயேசு என்ற பெயரை எட்டாம் நாளில் இட்டார்கள் என்று லூக்கா சொல்கிறார். பசியும் தாகமும் தூக்கமும் அங்கேதான் ஆரம்பித்தன. குமாரனுக்கு ஆரம்பமில்லை, அவர் மனுஷனாக இருப்பதற்கு ஆரம்பம் உண்டு. "என் பிதா என்னிலும் பெரியவர்" என்று அவர் சொன்னதை எடுத்துக் காட்டுவார்கள், தம்மைத் தாழ்த்தி அடிமையின் ரூபமெடுத்த நிலையில் நின்று பேசின பேச்சு அது. எடுத்த அந்த மனுஷத்தன்மையை அவர் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போகவும் இல்லை. உயிர்த்தெழுந்த பிறகு மீனும் தேன்கூட்டுத் துணிக்கையும் சாப்பிட்டார், தழும்புகளைக் காட்டினார், அப்படியே பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார்.

அப்புறம், உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை நிரூபிக்கப் புறப்பட்டால் நம் ஆட்கள் முதலில் ஓடுவது தானியேலின் அக்கினிச் சூளைக்குத்தான், நாலாம் ஆள் தேவபுத்திரனுக்கு ஒப்பாயிருந்தாரே என்பார்கள். பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சொன்னவன் நேபுகாத்நேச்சார், மூன்று வசனம் தள்ளி அவனே அதை "தூதன்" என்கிறான். மெல்கிசேதேக்குதான் கிறிஸ்து என்பார்கள், எபிரெயர் 7:3 அவனை தேவனுடைய குமாரனுக்கு ஒப்பானவன் என்றுதான் சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் தோன்றிய கர்த்தருடைய தூதனானவர் குமாரன்தான் என்று யுஸ்தின் போன்ற ஆதி போதகர்கள் எழுதினார்கள், அவர்களுக்குப் பின் வந்த அகஸ்தீன் என்ற போதகர் அப்படி உறுதியாகச் சொல்லாமல் நிதானமாக இருந்தார், நானும் அகஸ்தீன் பக்கம். பலமான கல் கையில் இருக்கும்போது ஆடுகிற கல்லை அஸ்திவாரத்தில் வைக்க வேண்டாம். பழைய ஏற்பாடுதான் வேண்டும் என்றால் மீகா 5:2 போதும், பெத்லகேமில் புறப்பட்டு வருகிறவருடைய புறப்படுதல் "அநாதி நாட்களாகிய பூர்வத்தினுடையது" என்கிறது. ஊர் பெயரும் அநாதியும் ஒரே வசனத்தில். அதோடு ஏசாயா ஆறாம் அதிகாரத்தையும் யோவான் 12:41-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தேவாலயத்தில் ஏசாயா கண்டது யாருடைய மகிமை என்று யோவான் சொல்கிறார் பாருங்கள்.

சிலர் வேறு மாதிரியும் சொல்வார்கள், இயேசு தேவனுடைய திட்டத்தில்தான் முன்பே இருந்தார், ஆளாக இல்லை என்று. எரேமியாவை தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே அறிந்தேன் என்று கர்த்தர் சொன்னது அந்த விதம். ஆனால் எரேமியா ஒருநாளும், உலகம் உண்டாகுமுன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை என்று ஜெபித்ததில்லை. யோவான் 17:5-ல் ஆண்டவர் அப்படி ஜெபித்தார், தம்முடைய சொந்த ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்கிற மாதிரி.

உங்கள் ஜெபத்துக்கு வருகிறேன். அதே அதிகாரம் 24ஆம் வசனத்தில், உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்கிறார். அதைக் கொஞ்ச நேரம் மெதுவாக வாசியுங்கள். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று நாம் பிள்ளைகளுக்கு முதல் வசனமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். குமாரனுக்கு ஆரம்பம் உண்டென்றால், அதற்கு முன்னால் தேவன் யாரை நேசித்தார்? தனியாக இருந்த ஒருவர் ஒருநாள் பிதா ஆனார், ஒருநாள் நேசிக்க ஆரம்பித்தார் என்று ஆகிவிடும். ஆரம்பித்தது நின்றுபோகவும் கூடும் என்ற பயம் மனுஷ மனசுக்கு எப்போதும் உண்டு. அவர் என்றைக்கும் பிதா, இவர் என்றைக்கும் குமாரன். நீங்கள் ஜெபிக்கும்போது இடையில் நிற்கிற ஒரு தூதுவரிடம் மனுக் கொடுக்கவில்லை, உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்த அந்த அன்புக்குள் போய் உட்காருகிறீர்கள். பதினான்கு வருஷமாக நீங்கள் தொழுதது அவரைத்தான். மனசு ஒட்டாத நாட்களில் வேறு வார்த்தை தேட வேண்டாம், தோமா சொன்ன அந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள், "என் ஆண்டவரே! என் தேவனே!" சென்னை மயிலாப்பூரில் கல்லறை இருப்பதாக நம் ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற அதே தோமா. ஆண்டவர் அவரைத் திருத்தவில்லை, அப்படிச் சொல்லாதே என்று தடுக்கவும் இல்லை.

உங்கள் கணவரோடு வேலை பார்க்கிறவர் மறுபடியும் வந்தால் வாசலில் வைத்து அனுப்பாதீர்கள், உட்காரவைத்து காபி கொடுங்கள். பத்து வசனத்துக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லப் போக வேண்டாம். ஒரு பக்கம் போதும், யோவான் ஒன்று, பென்சில் கோடு போட்ட அந்தப் பக்கத்தையே அவர் முன்னால் வையுங்கள், அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை.

அந்தப் பையன். அவன் கேட்ட இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி, ஆரியஸின் வாதத்தை அவன் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீ கேட்டது சரிதான்டா, அங்கே அவருக்குப் பிறந்தநாள் கிடையாது என்று சொல்லுங்கள். நமக்குப் பிறந்தநாள் என்றால் நாம ஆரம்பிச்ச நாள், இயேசப்பாவுக்கு அது நம்ம வீட்டுக்கு வந்த நாள், அதுக்கு முன்னாடியும் அவங்க அப்பாகூடவேதான் இருந்தாங்க, ஆரம்பமே இல்லாம. எத்தனை வருஷம் இருந்தாங்க என்று கண்டிப்பாகக் கேட்பான். வருஷத்தையே அவங்கதான் உண்டாக்கினாங்க என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பாருங்கள். அதற்கு அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.